உட்பொதி பலகைகளில் நேண்ட் நினைவகத்தை நேரடியாக அணுகலும் தொடக்கப் பகுதியைப் பாதுகாத்தலும்: பீகிள்போர்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உட்பொதி பலகையின் நேண்ட் ஃபிளாஷ் நினைவகத்தை வன்தட்டாகக் கருதிப் படியெடுத்தால், அப்படியைக் கொண்டு பலகையை மீட்க இயலாமற்போகலாம். இதன் காரணங்களைப் பீகிள்போர்டின் வழி விளக்கும் இக்கட்டுரை, தொடக்கப் பகுதிக்கு இருவகைப் படிகள் தேவை என்பதை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: நேண்ட் நினைவகம், தொடக்கப் பகுதி, பிழைதிருத்தக் குறியீடு, பழுதுத் தொகுதி, எம்டிடி

முன்னுரை

பலகைக்கு மின்சாரம் கிடைத்ததும், செயலியினுள் ஆலையிலேயே பதிக்கப்பட்ட நிலைநிரல் முதலில் இயங்குகிறது. அது நினைவகத்தின் தொடக்கத்திலுள்ள சிறு நிரலை எடுத்து இயக்குகிறது. அதன் பின்னரே யு-பூட்டும் லினக்ஸ் கருவும் இயங்குகின்றன. அச்சிறு நிரல் சிதைந்தால், எஞ்சிய தரவு முழுவதும் நலமாக இருந்தும் பலகை எழாது.

நேண்ட் நினைவகத்தின் இயல்பு

பரவலாகப் பயன்படும் நேண்ட் சில்லு ஒன்றில் பக்கம் 2,048 பைட்டு; அதனுடன் 64 பைட்டு உதிரிப் பகுதி இணைந்திருக்கும். 64 பக்கங்கள் சேர்ந்தது 128 கிலோபைட்டுத் தொகுதி. எழுதுதல் பக்கம் பக்கமாகவும் அழித்தல் தொகுதி தொகுதியாகவும் நிகழும். பிழைதிருத்தக் குறியீடும், ஆலையில் இடப்பட்ட பழுதுக் குறியும் உதிரிப் பகுதியிலேயே உள்ளன. எனவே, பழுதான தொகுதியை வலிந்து அழித்தால் அக்குறியும் மறையக்கூடும்.

லினக்ஸில் எம்டிடி அடுக்கு இந்நினைவகத்தை நேரடியாக அணுக வழிசெய்கிறது. அதன்மேல் அமைந்த எம்டிடிபிளாக் இடைமுகம் நினைவகத்தை வன்தட்டைப்போலக் காட்டினும், உதிரிப் பகுதியைத் தருவதில்லை. பழுதுத் தொகுதிகளையும் கையாள்வதில்லை.

பீகிள்போர்டு காட்டும் சிக்கல்

2008இல் வெளிவந்த பீகிள்போர்டு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஓமேப் 3530 செயலியைக் கொண்டது. அதன் நிலைநிரல், எக்ஸ்-லோடர் என்னும் சிறு நிரலை நேண்டின் முதல் நான்கு தொகுதிகளில் தேடும். ஆதலால் எக்ஸ்-லோடர் நான்கு முறை எழுதப்படுகிறது. அதனை வன்பொருள்வழிக் குறியீட்டு முறையிலும், அதனை அடுத்துவரும் யு-பூட்டை மென்பொருள்வழி முறையிலும் எழுதுவது வழக்கம். முறை மாறின் தரவு ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தும் நிலைநிரல் அதனைப் பிழையெனக் கொள்ளும்.

பாதுகாக்கும் முறை

முதலாவது, மூலப்படி. நேண்ட்டம்ப் கருவியால் பிழைதிருத்தம் செய்யாமல் உதிரிப் பகுதியோடு எடுக்கப்படுவது இது. அதே சில்லுக்கு நேண்ட்ரைட் கருவியால், குறியீட்டைப் புதிதாகக் கணிக்காமல், மீள எழுதலாம். இரு முறை எடுத்த மூலப்படிகளில் ஓரிரு துகள்கள் வேறுபடுதல் நேண்டின் இயல்பேயாம்.

இரண்டாவது, திருத்தப்படி. எழுதப்பட்ட அதே குறியீட்டு முறையில் பிழை திருத்திப் படிக்கப்படும் தூய தரவு இது. பழுதுத் தொகுதிகள் சில்லுக்குச் சில்லு வேறுபடுவதால், வேறொரு பலகைக்கு இப்படியே உரியது. குறியீட்டு முறையையும் பழுதுத் தொகுதிகளின் பட்டியலையும் இதனுடன் குறித்துவைத்தல் வேண்டும்.

புதுப்பிக்கும்போது நான்கு தொகுதிகளையும் ஒருசேர அழிக்காமல், பின்னுள்ள மூன்றை ஒவ்வொன்றாக எழுதிச் சரிபார்த்து, முதல் தொகுதியை இறுதியில் எழுதினால் இடையில் மின்சாரம் தடைப்படுவதால் நேரும் இடர் குறையும். பீகிள்போர்டில் பயனர் பொத்தானை அழுத்தியவாறு மின்சாரம் அளித்தால் நினைவட்டையிலிருந்து தொடங்கலாம். இத்தகைய மாற்றுவழி உண்டா என்பதை எப்பலகையிலும் அழிப்பதற்கு முன்னரே சோதித்தறிதல் இன்றியமையாதது.

முடிவுரை

தொடக்கப் பகுதியின் படி என்பது தரவு மட்டுமன்று; அது எவ்வாறு, எங்கு எழுதப்பட்டது என்னும் செய்தியும் சேர்ந்ததாகும். மூலப்படி அதே பலகையை மீட்கவும், திருத்தப்படி மற்றொரு பலகையை இயக்கவும் உதவுகின்றன. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பது இதனால் புலனாகிறது.