சறுக்கினால் தையல்! மாணவிகளின் காலைப் பதம் பார்க்கும் இரும்புப் பல் ஷூ

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவிகள் ஆடும் ஆட்டம் சாப்ட்பால். பேஸ்பாலுக்குத் தங்கச்சி முறை. "இரும்புப் பல் வைத்த ஷூவோடு பிள்ளைகளை ஓட விடலாமா?" என்பதுதான் இந்த ஆட்டத்தில் தீராத தகராறு!

கிரிக்கெட்டில் ஓடி வருபவர் மட்டையை நீட்டிக் கோட்டைத் தொடுவார். சாப்ட்பாலில் மட்டையைப் போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். 60 அடிக்கு ஒரு 'பேஸ்'. தரையில் வெள்ளைத் திண்டு மாதிரி இருக்கும். பந்து வருவதற்குள் அதைத் தொட, ஓடுகிற வேகத்திலேயே சறுக்கிக் காலை நீட்டுவார்கள். அங்கே பந்துக்காக நிற்கும் பெண்ணின் கணுக்கால் நேர் எதிரே!

முக்கால் அங்குலம்

ஷூவின் அடியில் இருப்பவை தட்டையான இரும்புப் பற்கள். விதிப்படி முக்கால் அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது. ஆனால் வேகமாக வந்து பட்டால் அதுவே போதும், தோல் கிழிந்துவிடும்.

இது பழைய கதைதான். 1909-ல் பேஸ்பால் வீரர் டை காப் சறுக்கி வந்தபோது அவரது ஷூ ஆணி, எதிரணி ஃபிராங்க் பேக்கரின் கையைக் கிழித்தது. பெரிய ரகளை ஆனது.

தடை போனது

பள்ளி சாப்ட்பாலில் முன்பு இரும்புக்குத் தடை இருந்தது. 2000-களின் பிற்பகுதியில் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு அதை நீக்கியது. மட்டை பிடிக்கும் மாணவியின் ஹெல்மெட்டில் முகக் கம்பியை 2006-ல் கட்டாயமாக்கியதும் இதே கூட்டமைப்புதான்! முகத்துக்குக் காவல் வந்தது. காலுக்கு இருந்த காவல் போனது.

"ஈரத் தரையில் வழுக்காது, நல்ல பிடிப்பு" என்பது ஆதரிப்பவர்கள் வாதம். அந்தப் பிடிப்புதான் வம்பு! சறுக்கும்போது பல் மண்ணில் மாட்டினால் கால் நின்றுவிடும், உடம்பு நிற்காது. கணுக்கால் திருகிக்கொள்ளும். எதிராளிக்கு மட்டுமல்ல, ஷூ போட்டவளுக்கும் ஆபத்து.

அசையாத திண்டு

இன்னொரு வில்லன், தரையோடு அசையாமல் பதித்த திண்டு. மிச்சிகன் மாநிலத்தில் டாக்டர் டேவிட் ஜாண்டா குழுவினர் பொழுதுபோக்கு சாப்ட்பால் ஆட்டங்களில் இதைக் கணக்கெடுத்து 1988-ல் வெளியிட்டார்கள். அசையாத திண்டு போட்ட 627 ஆட்டங்களில், சறுக்கி அடிபட்டவை 45. மோதினால் கழன்றுகொள்ளும் திண்டு போட்ட 633 ஆட்டங்களில் அடிபட்டவை இரண்டே இரண்டு!

அதாவது அங்கே 14 ஆட்டத்துக்கு ஒரு காயம். இங்கே 316 ஆட்டத்துக்கு ஒன்று.

ஷூவுக்காகச் சண்டை போடுகிறவர்கள் திண்டையும் குனிந்து பார்க்க வேண்டும். கழலும் திண்டா, மகளுக்குச் சறுக்கச் சொல்லிக் கொடுத்தார்களா என்று பெற்றோர் கேட்க வேண்டும். சரியாகச் சறுக்கத் தெரியாத பிள்ளைக்கு இரும்புப் பல் எதுக்கு? அனுமதி உண்டே தவிர, இரும்புதான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ரப்பர் பல் ஷூவிலும் ஓடலாம்.