வேகம் கற்கப் போனவருக்கு முதல் பாடம் "பிரேக்"!

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் என்ன?

"கைப்பிடியை முறுக்கு, காற்றாய்ப் பற!" இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள்.

முறுக்கினால் வண்டி பறக்கும். அதை யாரும் செய்யலாம். பறக்கும் வண்டியை நினைத்த இடத்தில் அடக்க முடியுமா? வளைவில் வழி தவறாமல் திருப்ப முடியுமா? வித்தை அங்கேதான் இருக்கிறது.

பந்தயப் பாதையில் முதன்முதலாக வண்டி ஓட்டுகிறவர்கள் அன்றைக்கே இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

சோழவரத்துப் பந்தயம்

சென்னைக்கு இந்தப் பந்தயம் புதிதல்ல.

நகருக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலை ஓரத்தில் சோழவரம் இருக்கிறது. இரண்டாவது உலகப் போரின்போது அங்கே விமானங்கள் வந்து இறங்க ஓடுதளம் போட்டிருந்தார்கள். போர் முடிந்தது. விமானம் இறங்கிய இடத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பாய்ந்தன. 1953-ம் ஆண்டில் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது. வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே ஒரு பாதை தயாராகிவிட்டது. ஒரு சுற்றின் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். அதில் 12 வளைவுகள்!

கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்திலும் ஒரு பந்தயப் பாதை உண்டு. அதற்குக் "கரி" என்று பெயர். குறைந்த செலவில் பந்தயக் கார்கள் செய்து பல இளைஞர்களை முன்னுக்குக் கொண்டுவந்த எஸ். கரிவரதனின் நினைவாக வைத்த பெயர் அது. அவர் 1995-ல் விமான விபத்தில் காலமானார்.

இந்தப் பாதைகளில் பந்தயம் மட்டும் நடப்பதில்லை. புதியவர்களுக்குப் பயிற்சியும் நடக்கிறது.

சூரர் வருகிறார்!

கம்பெனியில் வேலை பார்க்கும் 25 வயது வாலிபர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வருஷமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார். அவர் தெருவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டில் தாயாருக்கு மட்டும் தினமும் வயிற்றில் நெருப்பு.

அந்த வாலிபர் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டுப் பந்தயப் பாதைக்குப் போகிறார். எடுத்த எடுப்பில் பறக்க விட்டுவிடுவார்களா?

மாட்டார்கள். முதலில் வண்டிக்குச் சோதனை.

பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். விளக்குக் கண்ணாடி மேல் நாடா ஒட்ட வேண்டும். வண்டி விழுந்தால் சில்லு சிதறக் கூடாதல்லவா? பிரேக் சரியா, சங்கிலி இறுக்கமா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்காவது எண்ணெய் கசிந்தால் அவ்வளவுதான், வண்டி ஓரங்கட்டப்படும். பாதையில் எண்ணெய் சிந்தினால், பின்னால் வருகிறவர்களுக்கு அதுவே எமன். பந்தய வண்டிகளில் எண்ணெய் வடிக்கும் திருகாணியைக் கம்பியால் கட்டியே வைப்பார்கள்.

உடம்புக்குத் தோல்

அடுத்தது ஆளுக்குச் சோதனை. முகத்தையும் தாடையையும் மூடும் ஹெல்மெட், கையுறை, கணுக்கால் மறையும் பூட்ஸ், முதுகுக்கு ஒரு கவசம், கழுத்து முதல் கால்வரை தோல் உடை.

சென்னை வெயிலில் தோல் உடையா? ஆமாம்! நின்ற இடத்திலேயே வியர்வை ஆறாக ஓடும். ஆனாலும் அதைக் கழற்றிவிட்டு யாரும் பாதைக்குள் போக முடியாது. விழுந்து உராயும்போது சாதாரணத் துணி கணத்தில் கிழிந்துவிடும். பிறகு கிழிவது சதைதான். கெட்டியான தோல் அந்த உராய்வைத் தாங்கும்.

அரைக்கைச் சட்டையும் செருப்புமாக ஊரைச் சுற்றிய நம் வாலிபர் இங்கேதான் முதன்முதலாக யோசிக்கிறார்.

கொடி பேசும்!

என்ஜின் சத்தத்தில் யார் கத்தினாலும் காதில் விழாது. அதனால் பந்தயப் பாதையில் கொடிகள் பேசும்.

மஞ்சள் கொடி ஆடினால், முன்னால் ஆபத்து, யாரையும் முந்தாதே. சிவப்புக் கொடி வந்தால் ஓட்டம் நிறுத்தம். வேகத்தைக் குறைத்துத் திரும்பு. நீலக் கொடி என்றால், உன்னைவிட வேகமானவர் பின்னால் வருகிறார். மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட்ட கொடி, பாதை வழுக்குகிறது என்று சொல்லும். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடி வீசினால் ஆட்டம் முடிந்தது.

கொடியை மதிக்காதவர் எத்தனை கெட்டிக்காரரானாலும் வெளியே போக வேண்டியதுதான்.

முதல் சுற்று

இனி ஓட்டம். முதல் சுற்றில் பயிற்சியாளர் முன்னால் மெதுவாகப் போவார். மற்றவர்கள் வாத்துக் கூட்டம் போல் பின்தொடர்வார்கள். முந்தக் கூடாது. டயர் குளிர்ந்திருந்தால் தரையைச் சரியாகப் பிடிக்காது. டயருக்கும் சூடு ஏற வேண்டும். ஆளுக்கும் பாதை பழக வேண்டும்.

பிறகு தனியாக ஓட்டம். நேர்ப்பாதை வருகிறது. வாலிபர் முறுக்குகிறார். மணிக்கு 100 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் பாய்கிறது. கண்ணை ஒருமுறை இமைத்துத் திறப்பதற்குள் பல அடிகள் போய்விடும்.

அதோ, வளைவு! வாலிபருக்குத் திக்கென்கிறது. பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கிறார். வண்டி தடுமாறுகிறது. வளைவுக்கு வெகு தூரத்துக்கு முன்பே வேகம் செத்துவிடுகிறது. அப்போது அவருடைய வண்டியைவிடச் சின்ன வண்டி ஒன்று சர்ரென்று அவரைத் தாண்டிப் போகிறது!

தெருச் சூரரின் கர்வம் அந்த வளைவிலேயே இறங்கிவிடுகிறது. உண்மையான பாடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

பாடம் ஒன்று: பிரேக்

வேகம் இரு மடங்கானால் வண்டி நிற்கப் பிடிக்கும் தூரமும் இரு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க எத்தனை தூரம் வேண்டுமோ, 100-ல் அதைப் போல் நான்கு மடங்கு வேண்டும்.

பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள்? முன்பக்கம். அதுபோலத்தான் மோட்டார் சைக்கிளும். பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெதுவாகத் தொடங்கி, பிறகு அழுத்த வேண்டும்.

பாடம் இரண்டு: கண்

சைக்கிள் பழகியவர்களுக்கு இது தெரியும். "விளக்குக் கம்பத்தில் மோதக் கூடாது" என்று கம்பத்தையே பார்த்துக்கொண்டு போனால், நேரே கம்பத்தில்தான் போய் முட்டுவோம்!

கண் போகும் இடத்துக்கு வண்டி போகும். புதியவர் பயத்தில் பாதையின் விளிம்பையே பார்க்கிறார். வண்டியும் விளிம்புக்கே போகிறது. தலையைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். பயம் பிடித்த மனிதனுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

பாடம் மூன்று: வளைவு

வேகமாக ஓடும் மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் திருப்ப என்ன செய்ய வேண்டும்? கைப்பிடியின் இடது முனையை முன்னே தள்ள வேண்டும்!

நம்ப முடியவில்லையா? தள்ளும்போது முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும். உடனே வண்டி இடப்பக்கம் சாயும். சாய்ந்த பக்கமே வளையும். தெருவில் எல்லாரும் இதைத் தெரியாமலே செய்கிறார்கள். பந்தயக்காரர் தெரிந்து செய்கிறார்.

வளைவில் போவதற்கும் வழி உண்டு. வெளி ஓரத்தில் தொடங்கி, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்கு வர வேண்டும். அப்படிப் போனால் வளைவின் கடுமை குறையும். ஒரே பக்கம் போகும் பந்தயப் பாதையில்தான் இது செல்லும். ஊர்ச் சாலையில் செய்தால் எதிரே வரும் லாரிக்கு இரையாக வேண்டியதுதான்!

பத்து ரூபாய்க் கவனம்

அமெரிக்காவில் கீத் கோட் என்ற பயிற்சியாளர் 1980-ல் ஒரு மோட்டார் சைக்கிள் பள்ளி தொடங்கினார். 1983-ல் வெளிவந்த தம் நூலில் அவர் ஓர் அழகான கணக்குச் சொன்னார். அவர் டாலரில் சொன்னதை நாம் ரூபாயில் பார்ப்போம்.

ஒவ்வொருவரிடமும் பத்து ரூபாய் அளவுக்குத்தான் கவனம் இருக்கிறது. புதியவர் பிரேக் பிடிக்கவே அதில் ஐந்து ரூபாயைச் செலவழித்துவிடுகிறார். பயத்துக்கு நான்கு ரூபாய். பாதையைப் பார்க்க மிச்சம் ஒரு ரூபாய்! பழகப் பழகப் பிரேக்குக்கு ஐந்து காசு போதும். மீதியெல்லாம் பாதைக்கு.

வேகத்தை நாடிப் போனால் கவனம் கரையும். கவனத்தைச் சேர்த்தால் வேகம் தானாக வரும்.

பெண்களும் உண்டு

இது ஆண்களுக்கு மட்டுமான வித்தை அல்ல. இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் 1934-ல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் என்ஜினீயர், மணிக்கு 106 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்துத் தங்க நட்சத்திரச் சின்னம் பெற்றார். பந்தயம் அவருக்குத் தொழில் அல்ல, ஆசை. இரண்டாவது உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் என்ஜின் பாதியில் திணறும் குறையைத் தீர்த்து வைத்தவரும் அவரே!

சென்னையில் அலிஷா அப்துல்லா பைக் பந்தயத்திலும் கார்ப் பந்தயத்திலும் பெயர் வாங்கினார். அவருடைய தந்தை ஆர்.ஏ. அப்துல்லாவும் பேர்பெற்ற பைக் பந்தய வீரர்.

ஆபத்து இல்லையா?

இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது.

2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த கார்ப் பந்தயத்தில், அனுபவம் மிக்க 59 வயது வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே இடத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். நாடே கலங்கியது.

தோல் உடை, ஆம்புலன்ஸ், டாக்டர், கொடிகள் எல்லாம் ஆபத்தைக் குறைக்கும். அடியோடு ஒழிக்காது. பயிற்சிக்கு வந்தவர் பந்தயத்தில் இறங்க விரும்பினால், இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் சம்மேளனம் தரும் லைசென்ஸ் வேண்டும். அதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வேண்டும். செலவும் கொஞ்சமல்ல. டயரும் பெட்ரோலும் உடையும் சம்பளத்தை விழுங்கிவிடும். இவற்றையெல்லாம் வீட்டாரோடு உட்கார்ந்து பேசிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்தச் சாலைகளில் வண்டியைச் சோதிக்க ஆள் இல்லை. மஞ்சள் கொடி காட்டவும் ஆள் இல்லை. எதிரே லாரி வரும். குறுக்கே மாடு வரும். பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஓடி வரும்.

இரவில் கடற்கரைச் சாலையில் பந்தயம் விடுகிற பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். அங்கே விழுகிறவனோடு, பந்தயமே தெரியாத வழிப்போக்கரும் சேர்ந்து சாகிறார்.

திரும்பும் வழி

மாலை ஐந்து மணி. நம் வாலிபர் தோல் உடையைக் கழற்றுகிறார். உடம்பெல்லாம் வலி. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு பெங்களூர் நெடுஞ்சாலையில் ஊர் திரும்புகிறார்.

காலையில் அவர் வந்த அதே சாலைதான். இப்போது அவர் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிகிறது. முன்னால் போகும் பஸ் திடீரென்று நின்றால் தமக்கு எத்தனை தூரம் வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இடைவெளி விட்டுப் போகிறார். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்து முந்திப் போகிறான். "போகட்டும்" என்று வழிவிடுகிறார்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் பெரியவர்கள். பந்தயப் பாதையும் அதையேதான் சொல்லித் தருகிறது. அந்தப் பாடத்தைப் படிக்க எல்லாரும் அங்கே போக வேண்டியதில்லை. இடைவெளி விட்டு ஓட்டவும், தலைக்கு ஹெல்மெட் போடவும், தெருவில் பந்தயம் விடாதிருக்கவும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

வீட்டில் காத்திருக்கும் தாயாருக்குப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தான் என்பது பெரிதல்ல. முழுசாக வந்தானா என்பதே பெரிது!