தாமதமா, தொலைவதா – எது மோசம்? செய்தி கடத்தும் மூன்று இலவச சாப்ட்வேர்கள்

நெய்வேலியில் நிலக்கரி வெட்டும் ராட்சத இயந்திரங்களைப் பண்ருட்டி வட்டாரத்தில் பலரும் பார்த்திருப்பீர்கள். வெட்டிய பழுப்பு நிலக்கரி கன்வேயர் பெல்ட்டில் ஓடி, நேராகக் கொதிகலனுக்குள் போய் விழுவதில்லை. நடுவே பங்கர் எனப்படும் சேமிப்பு இடம் இருக்கிறது. வெட்டும் வேகம் வேறு, எரிக்கும் வேகம் வேறு. பங்கரில் இருப்பு இருந்தால், வெட்டும் இயந்திரம் சிறிது நேரம் நின்றாலும் மின் நிலையம் நிற்காது.

கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் இதே ஏற்பாடு தேவைப்படுகிறது. ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் வேலை சொல்லிவிட்டு, பதில் வரும் வரை கைகட்டிக் காத்திருந்தால் இரண்டுமே தேங்கிவிடும். அதற்குப் பதில், செய்தியை நடுவில் இருக்கும் ஒரு சாப்ட்வேரிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகலாம். பெற வேண்டியது தயாரானதும் எடுத்துக் கொள்ளும். இதுவே அசிங்க்ரனஸ் மெசேஜிங். "தொட்டி நிறைந்தது", "பில் போடப்பட்டது" போன்ற நிகழ்வுச் செய்திகள் வரும்போது மட்டும் இயங்கும்படி எழுதப்படுவது ஈவண்ட் டிரிவன் புரோகிராம்.

நடுவில் இருக்கும் சாப்ட்வேருக்குப் புரோக்கர் என்று பெயர். பலா மண்டி புரோக்கர் போல இவர் கமிஷன் கேட்பதில்லை. ஓப்பன் சோர்ஸ் வகையில் பல புரோக்கர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் மூன்றை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒப்பிடும்போது "எது வேகமானது?" என்றே பலரும் கேட்கிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு அது முக்கியம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மின்சாரம் போய், பெற வேண்டிய கருவி நின்றுவிட்டால், உங்கள் செய்தி தொலைவது மோசமா, தாமதமாக வருவது மோசமா?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. அவ்வளவு வேண்டாம், அரை மணி நேர மின்தடையே இந்தக் கேள்வியை எழுப்பப் போதும்.

1. மஸ்கிட்டோ

இது எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி முறைக்கான புரோக்கர். எம்.க்யூ.டி.டி. 1999-ல் ஆண்டி ஸ்டான்போர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரால் உருவாக்கப்பட்டது. எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிப்பதே அப்போதைய தேவை. அதனால் செய்தியுடன் சேரும் தலைப்புத் தகவல் மிகச் சிறியது. குறைந்தது 2 பைட் போதும். மஸ்கிட்டோவும் அதே போல மிகச் சிறிய சாப்ட்வேர். பழைய கம்ப்யூட்டரிலும் தயங்காமல் ஓடும்.

இதில் மூன்று நிலைகள் உண்டு. நிலை 0-ல் செய்தி ஒரு முறை அனுப்பப்படும், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கப்படாது. நிலை 1-ல் நிச்சயம் சேரும், ஆனால் இரண்டு முறை வந்துவிடலாம். நிலை 2-ல் சரியாக ஒரு முறை மட்டும் சேரும்.

இன்னொரு வசதி "லாஸ்ட் வில்", அதாவது உயில். சென்சார் இணையும்போதே "நான் தொடர்பில் இல்லாமல் போனால் இதை அறிவித்துவிடு" என்று புரோக்கரிடம் ஒரு செய்தியை எழுதி வைத்துவிடும். 60 விநாடிக்கு ஒரு முறை தொடர்பு என்று அமைத்திருந்தால், 90 விநாடி சத்தம் இல்லாதபோது உயில் வெளியாகும்.

இன்ஸ்டால் செய்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவும். 2020-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, செட்டிங்ஸ் பைலில் மாற்றம் செய்யாதவரை அதே கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம்கள் மட்டுமே இணைய முடியும். பாதுகாப்புக்கான ஏற்பாடு இது. பழுது என்று நினைக்க வேண்டாம். அடுத்து, செய்திகளை டிஸ்க்கில் சேமிக்கும் வசதியை இயக்கினாலும், தானாகச் சேமிக்கும் இடைவெளி 1800 விநாடி, அதாவது அரை மணி நேரம். யூ.பி.எஸ். இல்லாத வீட்டில் இதனை 60 விநாடியாகக் குறைத்துக் கொள்வது நல்லது.

2. ராபிட் எம்.க்யூ

2007-ல் வெளியானது. தொலைபேசித் துறைக்காக எரிக்சன் நிறுவனம் உருவாக்கிய எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. எனவே விண்டோஸில் முதலில் எர்லாங் இன்ஸ்டால் செய்ய வேண்டும். வேலைகளைப் பங்கிட்டுக் கொடுப்பதில் இது கெட்டி. ஒரு முந்திரி வியாபாரியின் பில்களை இரண்டு கம்ப்யூட்டர்கள் தயாரிக்கின்றன என்று வைத்துக் கொள்வோம். ஒரு பில்லை எடுத்த கம்ப்யூட்டர் "முடித்துவிட்டேன்" என்று சொல்லாமல் நின்றுபோனால், ராபிட் அந்த வேலையை மற்றதிடம் கொடுத்துவிடும். வரிசை, செய்தி இரண்டையும் நிலையாகச் சேமிக்கும்படி அமைத்தால், ரீஸ்டார்ட் ஆன பின்பும் அவை இருக்கும். பிரவுசரிலேயே வரிசைகளைப் பார்க்கும் வசதியும் உண்டு.

3. காப்கா

லிங்க்டுஇன் நிறுவனத்தில் பிறந்து 2011-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. உருவாக்கிய மூவரில் ஒருவர் புனே நகரைச் சேர்ந்த நேகா நர்கடே. மற்ற இரண்டிலும் செய்தி பெறப்பட்டதும் வரிசையிலிருந்து நீங்கிவிடும். காப்கா கணக்குப் பேரேடு போல எல்லாவற்றையும் எழுதி வைக்கும். மாற்றாவிட்டால் 7 நாட்கள் வைத்திருக்கும். திரும்பத் திரும்பப் படிக்கலாம். ஆனால் இதன் பலம், ஒரே தகவலைப் பல கம்ப்யூட்டர்களில் நகல் வைப்பதில் இருக்கிறது. ஒரே ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரில் திடீரென மின்சாரம் போனால் கடைசிச் செய்திகள் தொலையலாம். ஜாவா வேண்டும், தனக்கென 1 ஜி.பி. வரை நினைவகம் எடுத்துக் கொள்ளும்படி அமைந்துள்ளது. கற்றுக்கொள்ள நல்லது, தண்ணீர்த் தொட்டிக்குத் தேவையில்லை.

மோட்டாரில் சோதித்துப் பார்ப்போம்

மொட்டை மாடித் தொட்டியில் ஒரு சென்சார், கொல்லையில் உள்ள மோட்டாரில் ஒரு சிறு எலெக்ட்ரானிக் போர்டு, நடுவில் உங்கள் கம்ப்யூட்டர். "மோட்டாரைப் போடு" என்ற செய்தி வரும் நேரத்தில் போர்டு தொடர்பில் இல்லை. புரோக்கர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துத் தொடர்பு வந்ததும் கடமை தவறாமல் ஒப்படைக்கிறது. வீட்டில் யாரும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை. மோட்டார் ஓடி, காயில் கருகுகிறது. செய்தி தொலைந்திருந்தால் மோட்டார் பிழைத்திருக்கும்.

எனவே அளவுகளையும் கணக்குகளையும் சேமித்து வையுங்கள்; கட்டளைகளுக்குக் காலாவதி நேரம் கொடுங்கள். 2019-ல் தரநிலையான எம்.க்யூ.டி.டி. 5 பதிப்பிலும் ராபிட்டிலும் இந்த வசதி உள்ளது. உங்கள் போர்டில் பழைய பதிப்பு இருந்தால், செய்திக்குள்ளேயே நேரத்தை எழுதி, பழையதைப் போர்டு ஒதுக்கும்படி செய்திடலாம். "நிலையை மாற்று" என்று அனுப்பாமல் "நிறுத்து" என்றே அனுப்புங்கள். இரண்டு முறை வந்தாலும் கெடுதல் இல்லை. சென்சாரின் உயில் வெளியானால் மோட்டார் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீர் இல்லாதபோது மோட்டாரை நிறுத்தும் சாதனத்தை ஸ்டார்ட்டருடனே பொருத்திவிடுங்கள். கடைசிக் காவலைக் கம்ப்யூட்டரிடம் விடக்கூடாது.

சுருக்கமாக: வீட்டுக் கருவிகளுக்கு மஸ்கிட்டோ, கடை வேலைகளுக்கு ராபிட் எம்.க்யூ, பல கம்ப்யூட்டர்களில் பெரிய பதிவேடு வேண்டுமானால் காப்கா. எதைத் தேர்ந்தெடுத்தாலும், உபயோகத்திற்குக் கொண்டு வரும் முன் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, என்ன நடக்கிறது என்று பாருங்கள். அப்போது மோட்டாரின் இடத்தில் ஒரு சாதாரண பல்பு இருக்கட்டும்.