கைப்பேசித் திரையில் நீலம் மட்டும் ஏன் சீக்கிரம் மங்குகிறது?

பழைய கைப்பேசி வாங்க பிரிக்பீல்ட்ஸுக்கோ கிள்ளானுக்கோ போகிறீர்களா? பணத்தைக் கொடுக்கும் முன், திரை முழுவதும் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். விசைப்பலகையின் தடமோ, மேல் மூலையில் இருக்கும் குறிகளின் தடமோ நிழல்போல் தெரிந்தால், அந்தத் திரை தேய்ந்துவிட்டது என்று பொருள். இதைத் துடைத்தோ பழுது பார்த்தோ போக்க முடியாது. திரையையே மாற்ற வேண்டும்.

இது ஓ.எல்.இ.டி. திரைகளுக்கு வரும் சிக்கல். இவ்வகைத் திரையில் பின்னால் விளக்கு கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு புள்ளியும் மின்சாரம் பட்டதும் தானே ஒளிர்கிறது. 1987இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இதற்கு வழி காட்டினர். அவர்கள் பயன்படுத்திய பொருள், நடுவில் ஓர் அலுமினிய அணு, அதைச் சுற்றிலும் மூன்று கரிம மூலக்கூறுகள் கொண்டது. பச்சையாக ஒளிர்ந்தது. இப்படி உலோகத்தைக் கரிம மூலக்கூறுகள் பற்றிக்கொண்டிருப்பதைத்தான் அணைவுச் சேர்மம் என்கிறோம்.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. உள்ளே உருவாகும் ஆற்றல் பொட்டலங்கள் நான்கில் ஒன்றுதான் ஒளியாக மாற முடியும். மற்ற மூன்றும் பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். 1990களின் இறுதியில் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் குழுவினர் அலுமினியத்தை விட்டு, பிளாட்டினம், இரிடியம் போன்ற கனமான உலோகங்களுக்கு மாறினர். கனமான அணு நடுவில் இருந்தால் அந்த மூன்று பங்கும் ஒளியாகிறது. இன்று கைப்பேசிகளின் சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் இரிடியத்தின் தயவு.

நீலத்தில்தான் சிக்கல். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம் தேவை. அந்த ஆற்றலே மூலக்கூறின் பிணைப்புகளை உடைத்துவிடுகிறது. அதனால் நீலத்துக்கு இன்னமும் பெரும்பாலும் உலோகமில்லாத பழைய முறையையே கையாள்கிறார்கள். அது மின்சாரத்தை அதிகம் இழுக்கிறது, சீக்கிரம் தளர்கிறது. எப்போதும் ஒரே இடத்தில் ஒளிரும் படங்கள் தடமாகத் தங்கிவிடுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த ஆய்வில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. லண்டன் புரூனல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பூபதி கதிர்காமநாதன் குழுவினர், சிர்கோனிய அணைவுச் சேர்மம் ஒன்றை இத்திரைகளில் எலெக்ட்ரான்களைக் கடத்தும் பொருளாக ஆராய்ந்து 2011இல் கட்டுரை வெளியிட்டனர்.

கடையில் இன்னொரு சோதனையும் செய்யலாம். மாற்றுத் திரை போட்ட கைப்பேசி என்றால், கறுப்புப் படத்தை இருட்டில் பாருங்கள். ஓ.எல்.இ.டி. என்றால் முழுக்க இருண்டிருக்கும். சாம்பல் ஒளி கசிந்தால், மலிவான எல்.சி.டி. திரை பொருத்தியிருக்கிறார்கள். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

உங்கள் கைப்பேசியே என்றால், வெளிச்சத்தைக் குறைத்து, இருண்ட பின்னணியில் வையுங்கள். நீலத்துக்கு ஓய்வு கிடைக்கும். திரையும் நெடுநாள் உழைக்கும்.