படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதலாமா?

ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் பள்ளிகள் திறக்கின்றன. அங்குள்ள வாசகர்களின் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கவலைதான். வீட்டுமொழிப் படிவத்தில் தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ‘இங்கிலீஷ் லேர்னர்’ ஆக்கிவிடுவார்களாமே?

உடனே ஆக்குவதில்லை, தேர்வு வைப்பார்கள். பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி, வீட்டில் அதிகம் பேசும் மொழி, பெற்றோர் பிள்ளையிடம் பேசும் மொழி என்ற மூன்றில் ஒன்றுக்குத் தமிழ் என்றாலும், சேர்ந்த 30 நாட்களுக்குள் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ‘எல்பேக்’ தொடக்கத் தேர்வு. வீட்டுப் பெரியவர்களின் மொழி என்ற நான்காவது கேள்விக்கு மட்டும் தமிழ் என்றால், தேர்வு வைப்பது பள்ளி மாவட்டத்தின் இஷ்டம்.

உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியவே இது என்கிறது கல்வித்துறை. ஆனால் பிள்ளைக்கு ஆங்கிலம் எவ்வளவு வரும் என்று படிவம் கேட்பதே இல்லை. வீட்டில் பேசும் மொழியைப் பார்த்துத்தான் சலிக்கிறார்கள். பிறகு ஐந்து வயதுப் பிள்ளை, முன்பின் பார்த்திராத ஒருவர் எதிரே தனியாக உட்கார்ந்து படம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு வாய் திறக்காத பிள்ளைக்கும் ஆங்கிலமே தெரியாத பிள்ளைக்கும் கிடைப்பது அதே பூஜ்யம். 600க்கு 450 வந்தால் தப்பித்தது. வராவிட்டால் ‘இங்கிலீஷ் லேர்னர்’ முத்திரை விழும். அதை நீக்க எல்பேக் ஆண்டுத் தேர்வில் நான்காம் நிலை, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் கருத்து, அடிப்படைத் திறன் ஒப்பீடு என நான்கையும் தாண்ட வேண்டும்.

வகுப்பில் தரும் உதவியைக் குறை சொல்ல மாட்டேன். காந்தப் பாடம் நடக்கிறது. ‘ஐ திங்க் ... பிகாஸ் ...’ என்று ஆசிரியர் பாதி வாக்கியத்தைப் பலகையில் எழுதிப்போடுகிறார். ஆணி ஒட்டும், ஏனென்றால் அது இரும்பு என்று பிள்ளை நிரப்பினால் போதும். ஆங்கிலம் முழுதாக வரும்வரை காரணம் சொல்லக் காத்திருக்க வேண்டாம். கெட்டிக்கார உத்தி. இன்னொன்று, பக்கத்துப் பிள்ளையோடு சொந்த மொழியில் பேசிவிட்டு ஆங்கிலத்தில் சொல்வது. ஸ்பானிஷ் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கும் மேசையில் இது அருமையாக நடக்கும். வகுப்பின் ஒரே தமிழ்ப் பிள்ளை யாரோடு பேசும்? அடுத்த வாரப் பாடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வீட்டில் தமிழில் பேசி அனுப்புங்கள்.

மற்ற கேள்விகள்:

படிவத்தைத் திருத்தலாமா? தேர்வுக்கு முன் திருத்தினால்தான் பயன்.

தேர்வே வேண்டாம் எனலாமா? முடியாது.

தனி ஆங்கில வகுப்பை? மறுக்கலாம், முத்திரையும் ஆண்டுத் தேர்வும் இருக்கும்.

கிண்டர்கார்டனுக்கு முந்தைய டிகே வகுப்புப் பிள்ளைகளுக்கு? 2024 சட்டப்படி எல்பேக் இல்லை.

இன்றோடு வீட்டில் தமிழை நிறுத்திவிட்டால்? முதல் கேள்வியே பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது என்பதுதான்.