ஓடாமலே கெட்டுப்போகும் ஜெனரேட்டர்

ஆவடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ராணுவத் தளவாடம் புதிதல்ல. 1961-இல் தொடங்கப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை, டாங்கிகளுக்கும் கவச ஊர்திகளுக்கும் டீசல் எஞ்சின் தயாரிக்கும் எஞ்சின் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் இங்கேதான் உள்ளன. வடக்கே வெள்ளானூர் வரை, அங்கு வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருப்பார்கள். அரசுத் துறைகளும் ராணுவமும் கழித்துவிடும் பொருள்கள் எம்.எஸ்.டி.சி. போன்ற நிறுவனங்கள் வழியே மின்னணு ஏலத்துக்கு வருகின்றன. ஏலம் எடுத்த வியாபாரியிடமிருந்து பட்டறைக்கும், பட்டறையிலிருந்து கல்யாண மண்டபத்துக்கும் அரிசி ஆலைக்கும் போகின்றன. சில நேரம், முன்னாள் மாணவர்களின் அன்பளிப்பாகப் பள்ளிக்கும் ஒன்று வந்து சேர்கிறது.

தருபவர்கள் சொல்லும் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: "மிலிட்டரி செட் சார், அதிகம் ஓடவே இல்லை." இதை நல்ல செய்தி என்றே நாமும் எடுத்துக்கொள்கிறோம். டீசல் ஜெனரேட்டரைப் பொறுத்தவரை இது பாதி நல்ல செய்தி. அவசரத்துக்கு என்று கிடங்கில் வைக்கப்பட்ட இயந்திரத்தின் மணிமீட்டர் 200 மணி நேரம் என்று காட்டலாம். ஆனால் அது பதினைந்து ஆண்டுகள் சும்மா நின்றிருக்கலாம். தேய்மானம் ஓடுவதால் வருகிறது. அழுகலும் துருவும் நிற்பதால் வருகின்றன. பழைய செட்டைப் பழுதுபார்க்கும்போது நாம் எதிர்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும், சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நாள்களில் பள்ளிக் கட்டடமே நிவாரண முகாம் ஆகிறது. விளக்கை விட முக்கியமானது மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார். அன்று செல்ஃப் அடித்துக் கிளம்பாத ஜெனரேட்டர் இருந்தும் இல்லாததுதான்.

முதலில் படிக்க வேண்டியது பெயர்த்தகட்டை

வாங்கும் முன் ஆல்டர்னேட்டரில் உள்ள தகட்டைப் பாருங்கள். நமக்கு வேண்டியது 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். 120-ஐ அதிர்வெண்ணால் பெருக்கித் துருவ எண்ணிக்கையால் வகுத்தால் சுற்று எண் வரும். வெளிநாட்டு ராணுவ செட்டுகளில் 60 ஹெர்ட்ஸ் உண்டு. ரேடாருக்கும் விமானத்துக்கும் மின்சாரம் தரும் செட்டுகள் 400 ஹெர்ட்ஸில் இயங்குபவை. அவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பள்ளிக்குப் பயன்படாது.

அடுத்தது அளவு. இதில்தான் பலரும் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். 20 மின்விசிறி, ஒவ்வொன்றும் 75 வாட், 40 எல்.இ.டி. குழல்விளக்கு, ஒவ்வொன்றும் 20 வாட். மொத்தம் 2,300 வாட். 3 குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 2,800 வாட் இழுக்கும். எல்லாம் சேர்த்து 5.1 கிலோவாட். ஒருவர் 62.5 கே.வி.ஏ. செட்டை இலவசமாகவே தந்தாலும், 0.8 திறன் காரணியில் அதன் கொள்ளளவு 50 கிலோவாட். நம் சுமை அதில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த சுமையில் டீசல் எஞ்சின் போதிய சூடு ஏறாமல் ஓடும். டீசல் முழுதாக எரியாது. எரியாத எண்ணெயும் கரியும் சேர்ந்து புகைக்குழாயில் கறுப்புப் பிசினாக வழியும், நாசிலை அடைக்கும். குறைந்தது 30 சதவீதச் சுமையாவது வேண்டும் என்பது மெக்கானிக்குகள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால் மிகச் சிறியதும் உதவாது. மேற்சொன்ன பள்ளிக்கு 15 கே.வி.ஏ. போதும், எல்லாம் ஓடும்போது 40 சதவீதத்துக்குச் சற்று மேல் சுமை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போடக்கூடிய கணக்குதான் இது, போடவும் வைக்கலாம்.

எழுப்பும் முறை

நெடுநாள் நின்ற எஞ்சினுக்கு உடனே பேட்டரியை இணைத்துச் செல்ஃப் அடிப்பது பெருந்தவறு. உள்ளே பிஸ்டன் வளையம் துருவால் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். முதலில் கிராங்க் கப்பியில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு எஞ்சின் ஆயிலை இறக்குங்கள். அது மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. கேஸ்கெட்டைப் பார்க்காமல் மேலே போகக்கூடாது. நிறம் சரியாக இருந்தாலும் ஆயிலும் அதன் ஃபில்டரும் புதிதாக வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், டீசல் ஹோஸ் ஆகிய ரப்பர்ப் பொருள்களைக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுவது மேல். விலை அதிகமில்லை.

உண்மையான வில்லன் டீசல் டேங்க். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று புகுந்து, இரவில் குளிர்ந்து நீராகி அடியில் தங்குகிறது. டீசலும் நீரும் சேரும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து சளி போன்ற கசடு உண்டாகிறது. பழைய டீசலை வடித்து, டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டர்களை மாற்றாமல் விட்டால் பத்து நிமிடம் ஓடி நிற்கும். மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். 'எஞ்சின் கோளாறு' என்று பட்டறைக்குப் போகும் செட்டுகளில் நிறைய இந்த வகைதான்.

ஏன் இவ்வளவு சுத்தம்? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. 1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் முதல் இன்றுவரை தத்துவம் ஒன்றே: காற்றை மட்டும் உள்ளிழுத்து, பதினாறு முதல் இருபது மடங்குவரை அழுத்தினால் அது 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகிறது. அதில் மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து நாலு முறை அழுத்தினால் அடிப்பகுதி சுடுவதைப் பிள்ளைகள் தொட்டே உணரலாம். பீய்ச்சும் நாசிலின் துளை மயிரிழை அளவு. ஒரு தூசி போதும்.

டேங்கும் ஃபில்டரும் கழற்றிப் பூட்டிய பின் குழாயில் காற்று இருக்கும். டீசலை அழுத்த முடியாது, காற்றை அழுத்த முடியும். அதனால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் காற்றுக்குமிழி சுருங்கி விரியுமே தவிர நாசில் திறக்காது. பட்டறை மொழியில் இது 'ஏர் லாக்'. ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து, குமிழியில்லாமல் டீசல் வழியும்வரை ஏர் எடுக்க வேண்டும். நாசில் பக்கத்து உயரழுத்தக் கசிவில் விரல் வைக்கக்கூடாது. அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இந்த வேலை முழுவதும் மெக்கானிக்குடையது, மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும். முதன்முறை கிளப்பும்போது எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால், ஸ்டாப் லீவரை இழுத்தும் நிற்காவிட்டால், காற்று நுழையும் வாயை மூட ஒரு பலகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ராணுவ செட்டுகள் பலவற்றின் செல்ஃப் 24 வோல்ட்டில் இயங்கும். 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். புதிதும் பழையதும் கலக்கக்கூடாது.

ஓடுகிறது, ஆனால் மின்சாரம் வரவில்லை

எஞ்சின் அழகாக ஓடும், வோல்ட்மீட்டர் முள் அசையாது. இங்கேதான் ஆசிரியருக்குப் பிடித்த பகுதி. பழைய ஆல்டர்னேட்டர்கள் பல, தம் இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தன்மையை முதலாகக் கொண்டு முதல் மின்னழுத்தத்தை உண்டாக்குகின்றன. அது காந்தப்புலத்தை வலுவாக்க, மின்னழுத்தம் ஏறுகிறது. முதலே இல்லாவிட்டால் வட்டி ஏது? பல ஆண்டுகள் நின்றதில் அந்த எச்சக் காந்தம் மங்கியிருக்கலாம். மின்பணியாளர் பேட்டரியிலிருந்து புலச்சுருளுக்குச் சரியான முனை பார்த்து ஓரிரு நொடி மின்சாரம் கொடுத்தால் மீண்டும் எழுந்துவிடும். காந்தத்தால் தேய்த்த ஆணி குண்டூசியை இழுப்பதையும், சுத்தியால் நாலு தட்டு தட்டிய பின் இழுக்காததையும் வகுப்பில் காட்டிவிட்டு இதைச் சொன்னால் ஃபாரடே விதி புத்தகத்தை விட்டு வெளியே வந்து நிற்கும். கிளப்பும் முன்பே சுருள்களின் ஈரத்தை மெக்கரால் சோதித்திருக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் விளக்குச் சூட்டில் உலர்த்திய பிறகே ஓட்டலாம்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது: சேஞ்ச் ஓவர் சுவிட்ச். அது இல்லாமல் பள்ளி வயரிங்கில் ஜெனரேட்டரை நேரே செருகினால் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பப் போகும். தெருமுனை மின்மாற்றி 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைப்பது. எதிர்ப்பக்கமிருந்து கொடுத்தால் அதே கருவி நம் 400 வோல்ட்டை ஆயிரக்கணக்கில் உயர்த்தும். புயலுக்கு மறுநாள் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்வாரியப் பணியாளரின் உயிர் அந்த ஒரு சுவிட்சில் இருக்கிறது. எர்த் பதிப்பதையும், அனுமதி தேவையா என்பதையும் மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. எனவே செட் வகுப்பறைச் சன்னலுக்கும் முகாம் மக்கள் படுக்கும் அறைக்கும் எட்டத்தில், திறந்த வெளியில், கூரையின் கீழ் நிற்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பின் மறுபடி பூட்டி வைத்தால் பழைய கதைதான். டேங்கை நிரப்பியே வைக்கவும், பேட்டரியைச் சிறு சார்ஜரில் விடவும். மாதம் ஒரு சனிக்கிழமை, நீர் மோட்டாரையும் மின்விசிறிகளையும் சேர்த்துப் போட்டு அரை மணி நேரம் ஓட்டவும். சுமையில்லாமல் ஐந்து நிமிடம் உறும விடுவது நன்மையைவிடக் கெடுதலே செய்யும். தேதி, மணிமீட்டர், வோல்ட், அதிர்வெண், ஆயில் அழுத்தம், பேட்டரி வோல்ட் ஆகியவற்றை ஒன்பதாம் வகுப்பில் இருவர் ஒரு நோட்டில் எழுதலாம். புகையின் நிறத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். சூடேறிய பின்னும் வெள்ளை என்றால் டீசல் எரியவில்லை அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கவும்.