கப்பல் டர்பைன்களில் வெப்ப அரிப்பு

கழக்கூட்டம் போன்ற கடலோர ஊர்களில் இரும்பு விரைவில் துருப்பிடிப்பதை யாவரும் அறிவர். அதே கடலுப்பு கப்பலின் வாயு டர்பைனையும் தாக்குகிறது. கொச்சியில் கட்டப்பெற்று 2022-இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்தை இயக்குபவை இத்தகைய நான்கு டர்பைன்களே.

காற்றோடு புகும் உப்பு, எரிபொருளின் கந்தகத்துடன் சேர்ந்து சோடியம் சல்பேட்டாகி இறக்கைகளில் படிகிறது. 884 டிகிரி சென்டிகிரேடில் இது உருகி, மேற்பூச்சைக் காக்கும் ஆக்சைடுப் படலத்தைக் கரைக்கிறது. இதுவே வெப்ப அரிப்பு எனப்படும்.

வெப்பம் குறைந்தால் தீங்கு நீங்கும் என்று எண்ணலாகாது. சுமார் 700 டிகிரியில் பூச்சிலுள்ள கோபால்ட்டும் சல்பேட்டாகி உப்புடன் கலக்கிறது. அக்கலவை 565 டிகிரியிலேயே உருகவல்லது. ஆதலின் பூச்சில் குழிகள் தோன்றுகின்றன. இதனைத் தாங்கக் குரோமியம் மிகுந்த பூச்சு ஏற்றது. காற்றை வடிகட்டுதல், கந்தகம் குறைந்த எண்ணெயைப் பயன்படுத்துதல், கம்ப்ரஸரை நன்னீரால் கழுவுதல் ஆகியவையும் இன்றியமையாதவை. பூச்சு அழியின் இறக்கையும் நிலைக்காது.